சாரல் மாதத்தில் சீனக் கொழுக்கட்டை: 1,989 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம்

எங்கள் ஊர் செங்கோட்டை. ஆனி பிறந்துவிட்டால் மலைப்பக்கத்திலிருந்து சாரல் இறங்க ஆரம்பித்துவிடும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, ஜாடிக்குள் உப்பு கசியும், பொரித்து வைத்த அப்பளம் பத்தே நிமிடத்தில் வதங்கிப்போகும். அப்படிப்பட்ட மாதத்தில் போய், மொறுமொறுவென்று சீன டம்ப்ளிங் செய்து தருகிறேன் என்று மகளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் திருவனந்தபுரம் போனபோது ஒரு கடையில் அதைச் சாப்பிட்டாள். அடிப்பக்கம் தோசை மாதிரி முறுகலாக, மேல்பக்கம் மெத்தென்று, உள்ளே கோழிக்கறி. அன்றிலிருந்து அதே பேச்சு. ஆடியில் அவள் பிறந்தநாள். "கேக் வேண்டாம்ப்பா, அதைச் செஞ்சு குடுங்க. என் ஃபிரண்ட்ஸ் ஆறு பேர் வருவாங்க" என்றாள். மனைவி புனலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலையில் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு திரும்புவாள், ஞாயிற்றுக்கிழமையிலும் பாதிக்கு மேல் டியூட்டி. ஆக, அடுப்படியில் நான் தனி ஆள். மர டிப்போவில் கணக்கு எழுதுகிறவன் என்றாலும் சோறு பொங்குவேன், மீன்குழம்பு வைப்பேன், தோசை நன்றாகவே வரும். கொழுக்கட்டைக்குச் சித்தப்பா மகன் மாதிரி ஒரு பண்டம், இதில் என்ன வித்தை இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நாலு ஞாயிறு போனது. 1,989 ரூபாய் போனது. இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

முதல் தப்பு கடையிலேயே ஆரம்பித்தது. வீடியோவில் மூங்கில் கூடையில் வேக வைப்பதைப் பார்த்துவிட்டு, அதே கூடையை 649 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். அது ஆவியில் வேக வைக்கும் வகைக்கு வேண்டியது. முறுகலாகப் பொரிக்கிற வகைக்கு மூடியுள்ள ஒரு சட்டி போதும். கூடை இப்போது வெங்காயம் போட்டுவைக்க உதவுகிறது. அடுத்தது மேல்மாவு. அதை யார் பிசைந்து தேய்ப்பது என்று தென்காசியில் ஒரு கடை ஃப்ரீசரில் கிடந்த ஷீட் பாக்கெட்டை 220 ரூபாய்க்கு எடுத்து வந்தேன். அதில் ஸ்பிரிங் ரோல் ஷீட் என்றுதான் எழுதியிருந்தது. மாவுத் தாள் எல்லாம் ஒன்றுதானே என்று எனக்கு ஒரு எண்ணம். ஒன்று இல்லை. ஸ்பிரிங் ரோல் ஷீட், கல்லில் தேய்த்து லேசாக வேக வைத்து எடுத்த மெல்லிய தாள். நேராக எண்ணெயில் போட்டுப் பொரிக்கத்தான் அது. டம்ப்ளிங் தாள் பச்சை மாவு, கொஞ்சம் தடிமன், தண்ணீரையும் ஆவியையும் தாங்கும். நான் ஷீட்டை வட்டமாக வெட்டி, கறியை வைத்து மடித்து, சட்டியில் அடுக்கித் தண்ணீர் ஊற்றி மூடினேன். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் கறிக்கஞ்சி.

மிச்சம் இருந்த பத்தைக் காப்பாற்றலாம் என்று சீனச்சட்டியில் எண்ணெய் காயவைத்தேன். இந்தப் பக்கத்தில் வாணலியை நாங்கள் சீனச்சட்டி என்றுதான் சொல்வோம், மலையாளத்திலும் அதே பெயர்தான். 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர் இது, பேச்சில் பாதி அங்கிருந்து வந்ததுதான். 14ஆம் நூற்றாண்டில் கொல்லத்துக்கு வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா அங்கே சீன வியாபாரிகள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். கொல்லம் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்குள்தான். சட்டியின் பெயரிலேயே சீனா இருக்கிறது, பண்டம் மட்டும் கைக்கு வரவில்லை. வீட்டில் இருந்தது புனலூரிலிருந்து மனைவி வாங்கி வந்த தேங்காயெண்ணெய். அதில் அரை லிட்டரை ஊற்றி, புகை வரக் காயவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். ஒரே நிமிடத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. ஆகா என்று எடுத்து ஒன்றைப் பிட்டால் உள்ளே கறி பச்சையாக, இளஞ்சிவப்பாக இருக்கிறது. மகள் மோந்து பார்த்துவிட்டு, "பப்படம் வாசனை வருதுப்பா" என்றாள். அத்தனையும் குப்பைக்குப் போனது. ராத்திரிக்குப் பக்கத்திலிருக்கும் பிரானூர் பார்டரில் புரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். அன்றைக்குச் செலவு கூடை 649, ஷீட் 220, எலும்பில்லாத கோழி அரைக் கிலோ 170, எண்ணெய் 230, சாஸ் பாட்டில்கள் 190.

இதில் பிற்பாடுதான் தெளிந்த ஒரு விஷயம். முறுகலான டம்ப்ளிங்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று முழுக்க எண்ணெயில் முக்கிப் பொரிப்பது, பொரித்த வான்டன் என்கிற மெல்லிய தாள் டம்ப்ளிங் அந்த வகை. அதற்குத் தாள் மெல்லிசாகவும் உள்ளே வைக்கிற கறி ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும், எண்ணெயும் மிதமான சூட்டில், 170 டிகிரி அளவில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு துணுக்கு மாவைப் போட்டுப் பாருங்கள்; அடியில் போய் இரண்டு நொடி நின்று, பிறகு நிதானமாக மேலே வர வேண்டும். போட்ட உடனே சீறிக்கொண்டு மேலே வந்தால் சூடு அதிகம், வெளியே கருகும், உள்ளே வேகாது. இன்னொன்று, கொஞ்சம் எண்ணெயில் அடியை மட்டும் முறுகவிட்டு, தண்ணீர் ஊற்றி மூடி வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் மறுபடி முறுகவிடுவது. ஜியாவ்ஸு என்று சீனாவில் சொல்லும் டம்ப்ளிங்கை இப்படிச் சுட்டால் அதற்கு குவோதியே என்று பெயர். ஜப்பான்காரர்களின் கியோசாவும் இதே முறைதான். மகள் சாப்பிட்டது இதைத்தான். நான் செய்ததோ இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள். கோழி விஷயத்தில் வெளி நிறத்தை நம்பாதீர்கள். ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்து, உள்ளே முழுக்க வெளுத்து, நீர் தெளிவாக இருந்தால்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது ஞாயிறு மாவை நானே பிசைந்தேன். மைதா, பச்சைத் தண்ணீர், உப்பு. பிசைந்த கையோடு தேய்க்க உட்கார்ந்தேன். தேய்க்கத் தேய்க்க மாவு ரப்பர் மாதிரி சுருங்கிச் சுருங்கித் தன் இடத்துக்கே போகிறது. ஒரு மணி நேரத்தில் பதினான்குதான் தேறியது. அதற்குள் பக்கத்தில் பாத்திரத்தில் இருந்த பூரணம் தண்ணீர் விட்டு மிதந்தது. முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, கறி, உப்பு, சோயா சாஸ் எல்லாம் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தேன். முட்டைக்கோஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பு பட்டால் அது சும்மா இருக்குமா? அந்த ஈரத்தோடு வைத்து மடித்தேன், தட்டில் அடுக்கினேன். சாரல் காற்று வேறு. கால் மணி நேரத்தில் எல்லாம் அடியில் நனைந்து தட்டோடு ஒட்டிக்கொண்டன. பிய்த்து எடுக்கும்போது ஓட்டை. அந்த ஓட்டையை விரலால் அமுக்கி மூடிவிட்டு, தண்ணீர் ஊற்றிச் சுடுவதற்குப் பயந்து, மறுபடியும் காய்ந்த எண்ணெயிலேயே போட்டேன்.

மூன்றாவது உருண்டை வெடித்தது. பட்டாசு மாதிரி சத்தம் என்றெல்லாம் சொல்ல முடியாது, 'பொளக்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகி வழி தேடியிருக்கிறது, ஓட்டை வழியாக எண்ணெயையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. இடது மணிக்கட்டில், வாட்ச் கட்டும் இடத்தில் வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு நொடி ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் உயிர் போயிற்று. அடுப்பை அணைத்தேன், அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது. பக்கத்து வீட்டு ஆச்சி சத்தம் கேட்டு வந்து, "பேஸ்ட்ட தேய்யா, குளுகுளுன்னு இருக்கும்" என்றார். தேய்த்தேன். ராத்திரி மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. கழுவிவிட்டு மருந்து போடும்போதுதான் சொன்னாள், "குழாயத் தொறந்து இருபது நிமிஷம் கைய நீட்டியிருந்தா இந்தக் கொப்புளமே இவ்வளவு பெருசா வந்திருக்காது." இருபது நிமிடம் என்பது கேட்க எளிது, குழாயடியில் நின்று பாருங்கள், முடியவே முடியாது போல இருக்கும். ஆனாலும் அதுதான் வைத்தியம். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மை வேண்டாம், ஓடுகிற சாதாரணத் தண்ணீர் போதும். வாட்ச், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். அந்த வாரச் செலவு 440, மருந்து 90. முதல் வாரத்து 1,459 ரூபாயோடு கூட்டினால் 1,989. டிப்போவில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதை ஒரு தாளில் எழுதியே பார்த்தேன். தென்காசியில் இதே மாதிரிப் பண்டமான மோமோ அப்போது ஒரு பிளேட் நூறு ரூபாய். பத்தொன்பது பிளேட் வாங்கியிருக்கலாம்.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் புரோட்டா வாங்கப் பார்டருக்குப் போனபோது மாஸ்டர் கைக்கட்டைப் பார்த்து விசாரித்தார். வெட்கத்தோடு சொன்னேன். அவர் கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "மாவு சுருங்குதுன்னா அது இன்னும் முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி. அதுகிட்ட மல்லுக்கட்டக் கூடாது. ஈரத்துணியப் போட்டு மூடிட்டு நீங்க ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க" என்றார். பக்கத்தில் எண்ணெய் தடவி மூடி வைத்திருந்த உருண்டைகளைக் காட்டினார். வருஷக்கணக்காக நான் பார்த்துக்கொண்டே நின்ற காட்சி அது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எண்ணெயும் தீயும் பார்த்துக்கொள்ளும் என்று நான் நினைத்த மொறுமொறுப்பு முழுக்க முழுக்கத் தண்ணீர்க் கணக்கு. மாவில் எவ்வளவு தண்ணீர், பூரணத்தில் எவ்வளவு, சட்டியில் எவ்வளவு, அது எப்போது போக வேண்டும், அவ்வளவுதான். அதிலும் சாரல் மாதத்தில் காற்றிலேயே தண்ணீர்.

மூன்றாவது ஞாயிறு யாரையும் எதிர்பார்க்க வைக்காமல், பன்னிரண்டு மட்டும் சுட்டுப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். 250 கிராம் மைதாவுக்குக் கிட்டத்தட்ட 130 மில்லி தண்ணீர். பச்சைத் தண்ணீர் வேகவைக்கிற டம்ப்ளிங்குக்கு, சட்டியில் சுடுவதற்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். வெந்நீர் பட்டால் மாவு பாதி வெந்து, ரப்பர் குணம் குறைந்து, சொன்னபடி கேட்கிறது. இடியாப்பத்துக்கு மாவு பிசைகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மழைக்காலத்து மைதா ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், அதனால் கடைசி இரண்டு ஸ்பூன் தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேவைப்படவில்லை. கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம். மாஸ்டர் சொன்ன டீ குடித்தேன். திரும்பி வந்து தொட்டால் மாவு காது மடல் மாதிரி இருந்தது. நெல்லிக்காய் அளவு எடுத்து, நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் தேய்க்க வேண்டும். மடித்துச் சேர்க்கும் இடத்தில் இரண்டு ஓரம் சேர்கிறது, அங்கேயும் தடிமனாக இருந்தால் வேகாமல் மாவாக நிற்கும். மடிப்பு வைப்பதில் மட்டும் எனக்குச் சிரமமே இல்லை, அம்மா தீபாவளிக்குச் சோமாசி முறுக்குவதைப் பார்த்து வளர்ந்தவன். உள்ளே காற்று நிற்காமல் அமுக்கி மூடுவதுதான் முக்கியம், காற்று நின்றாலும் வெடிக்கும்.

பூரணத்துக்கு முட்டைக்கோஸில் உப்பு தூவிக் கால் மணி நேரம் வைத்து, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தேன். 200 கிராமில் அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அந்த அரை டம்ளரைக் கையில் வைத்துப் பார்த்தபோது, போன வாரம் இதைத்தானே எண்ணெயில் போட்டேன் என்று வயிற்றைக் கலக்கியது. கோழியில் நெஞ்சுக்கறி வேண்டாம், வறண்டுபோகும், தொடைக்கறியைக் கொத்தி வாங்குங்கள். 300 கிராம் கறியில் இஞ்சி தட்டிப் போட்ட தண்ணீர் மூன்று ஸ்பூனை ஒவ்வொன்றாக விட்டு, ஒரே திசையில் கிளறினால் கறி அதைக் குடித்துப் பசை மாதிரி ஆகிவிடும். பிழிந்து எடுத்த தண்ணீரை எதற்கு மறுபடி ஊற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். இது கறிக்குள்ளேயே நின்றுவிடும், தாளை நனைக்காது, கடிக்கும்போது சாறாக வரும். அதன் பிறகு கோஸ், வெங்காயத்தாள், மிளகு, சோயா சாஸ். சாஸில் கறுப்பாகக் கெட்டியாக இருப்பது நிறத்துக்கு, மெல்லிசாக இருப்பது உப்புச் சுவைக்கு. நான் முதல் வாரம் கெட்டியானதைக் கவிழ்த்துப் பூரணத்தைத் தார் நிறமாக்கியிருந்தேன். பச்சைக்கறியை ருசி பார்க்க முடியாது. அதனால் அரை ஸ்பூனைத் தட்டி, தோசைக்கல்லில் சுட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பு பற்றவில்லை. இந்த இரண்டு நிமிட வேலை பெரிய உதவி.

பிறகு அடுப்பு. நான்ஸ்டிக் சட்டி, கண்ணாடி மூடி, கடலை எண்ணெய் இரண்டு ஸ்பூன். பன்னிரண்டையும் அடுக்கி, நடுத்தர தீயில் அடி லேசாகச் சிவக்கும் வரை இரண்டு நிமிடம் தொடாமல் விட்டேன். அப்புறம் 100 மில்லி தண்ணீர், டம்ப்ளிங் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். ஊற்றும்போது மூடியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள், எண்ணெய் சீறும். மணிக்கட்டு சொல்கிறது. மூடி ஏழு நிமிடம். இங்கே கடிகாரத்தைவிடக் காது நன்றாக வேலை செய்யும். தண்ணீர் இருக்கும் வரை கொதிக்கிற சத்தம் தளதளவென்று கனமாகக் கேட்கும். வற்ற வற்ற அது மெலிந்து, ஒரு கட்டத்தில் சடசடவென்று எண்ணெய்ச் சத்தமாக மாறும். அந்த இடத்தில் மூடியைத் திறந்துவிட வேண்டும். மூடியில் தொங்குகிற துளிகள் சட்டியில் விழாமல் ஒரே வீச்சில் எடுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் திறந்த சட்டியிலேயே இருக்க வேண்டும், நான் முதலில் அவசரப்பட்டு ஒன்றைக் கிளப்பப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டு வரவில்லை. கை வைக்காமல் விட்டால் முறுகியதும் தானாகவே விடுகிறது, சட்டியை ஆட்டினால் நகரும். குவோதியே என்றால் சட்டியில் ஒட்டியது என்று பொருள் என்பது பிறகு தெரிந்தபோது, அப்படியானால் முதல் வாரமே நான் ஜெயித்திருக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடிப்பக்கம் திரும்பியபோது தோசையின் நடுவில் வருகிற அந்தத் தேன் நிறம். பன்னிரண்டில் பதினொன்று முழுசாக வந்தது.

பிறந்தநாளன்று ஐம்பது வேண்டும். சனிக்கிழமை ராத்திரியே பூரணம் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஞாயிறு காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதரைக்கு மடித்து முடித்தேன். மடித்ததை வெளியே வைத்திருந்தால் சாரலுக்கு என்ன ஆகும் என்று தெரியும், அதனால் சோளமாவு தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி நேராக ஃப்ரீசரில் வைத்தேன். கல்லான பிறகு பையில் போட்டுக்கொள்ளலாம். சுடும்போது உருகவிடக் கூடாது, அப்படியே சட்டியில் அடுக்கி, தண்ணீர் கொஞ்சம் கூட்டி, மூன்று நிமிடம் கூடுதலாக மூடி வைத்தால் சரியாக இருக்கும். ஆனால் ஃப்ரீசரில் இருந்து எடுத்ததை ஆழமான எண்ணெயில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மேலே படிந்த ஐஸ் என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் ஒரு மணி நேரம் கரண்ட் போனது, அதுவும் சாரல் உபயம்தான். ஃப்ரீசரைத் திறக்காமல் அதன் முன்னாலேயே காவல் இருந்தேன்.

அன்றைக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்து, வெறும் தண்ணீருக்குப் பதிலாக அதில் ஒரு டீஸ்பூன் மைதாவும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் வற்றியதும் அடியில் ஆப்பத்தின் ஓரம் மாதிரி சல்லடைச் சல்லடையாக ஒரு படலம் படிந்து, எல்லா டம்ப்ளிங்கையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. தட்டைச் சட்டி மேல் கவிழ்த்து ஒரே புரட்டு. முதல் சட்டியில் பாதி உடைந்தது, இரண்டாவதில் முழு வட்டமாக வந்தது. தொட்டுக்கொள்ள சோயா சாஸ், வினிகர், துளி சீனி, மிளகாய் எண்ணெய். சீனர்கள் ஊற்றும் கறுப்பு வினிகர் இங்கே கிடைக்கவில்லை, துளி சீனி அந்தக் குறையைக் கொஞ்சம் மறைத்தது. சட்டியிலிருந்து இறக்கியதை மூடி வைக்காதீர்கள், ஆவி பட்டு ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். நான் சுடச்சுடத்தான் பரிமாறினேன், பிள்ளைகள் அடுப்படி வாசலிலேயே நின்று தின்றார்கள். ஆறு பேரில் ஒரு பையன் நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், இது கோழி சோமாசியா?" என்று கேட்டான். மகள் முறைத்தாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி எட்டரைக்கு மனைவி வந்தபோது ஐந்து மீதி இருந்தது, ஆறி விறைத்துப்போய். மைக்ரோவேவில் வைக்கப் போனவளைத் தடுத்து, தோசைக்கல்லில் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி, திறந்து, அடியை மறுபடி முறுகவிட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே மூன்றைத் தின்றாள். நாலாவதை எடுக்கும் முன் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.